சர்வேயர் படித்துவிட்டார்

"நீ யார்கிட்ட சொன்ன, அதை முதல்ல சொல்லு."

"நான் ஏன்டா சொல்லப்போறேன்? ஊருக்கெல்லாம் ஃபோனைப் பூட்டக் கத்துக்குடுக்கிறவ நான். என் வாயைப் பூட்ட எனக்குத் தெரியாதா?"

"அப்ப எங்க மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சுது? நேத்து சாயங்காலம் என் நாற்காலிக்குப் பின்னால வந்து நிக்கிறார். தோள்ல கை வைக்கிறார். என்னப்பா, வீட்ல விருந்தாளியாமே, டீச்சராமேங்கறார். சிரிச்சுக்கிட்டே கேக்கறார் அக்கா. அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

"அப்ப நீதான் உளறியிருக்க."

"நானா?"

"உங்க ஆபீஸ்ல உன்னைத் தவிர யாருக்கு இந்த வீட்டு வாசப்படி தெரியும்?"

இவ்வளவும் காலை டீ ஆறுவதற்குள். மாடியில் அவர்கள் வீட்டுத் தரைதான் கீழே எங்கள் வீட்டுக் கூரை. நாற்காலி நகர்ந்தால் யார் எழுந்தது என்று எனக்குத் தெரியும். கரண்டி விழுந்தால் யார் கோபம் என்று தெரியும். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் கிடையாது. காதை அடைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிற்பாடு சர்வேயர் வீட்டம்மா வாயால் வந்தது. கேட்டதற்குக் கொஞ்சம் சொன்னார், கேட்காமலே நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம்.

சர்வேயர் வீடு என்றுதான் இன்னமும் தெருவில் சொல்கிறோம். இந்தச் சண்டை நடந்தபோது சர்வேயர் இல்லாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு அவர் போன நாள் மறந்திருக்காது. ஊரில் ஏதோ கலாட்டா என்று மேலிடத்து உத்தரவு வந்து, நெட், ஃபோன் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சர்வேயர் புதிதாகப் போடுகிற சாலையை அளக்கப் போனவர், சங்கிலியும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஆட்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், மணி அடிக்கவே இல்லை. வீட்டிலிருந்து அந்த அம்மா "எங்க இருக்கீங்க, சாப்பிட வரலையா" என்று அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது. நெட் திரும்பி வந்ததும் அது இரண்டு டிக் ஆனது. அதற்குள் அவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

நிறுத்தியது யார்? உத்தரவு போட்டவர்கள் எங்கேயோ இருந்தார்கள். பொத்தானை அழுத்தியது அந்த ஷிஃப்டில் உட்கார்ந்திருந்த ஆள். அந்த ஆள் சர்வேயரின் சின்னவன். நெட் கம்பெனியில், நல்ல சம்பளத்தில், குளிர்சாதன அறையில் வேலை. பாவம், கூடத்தில் கிடந்தவரைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே கணக்கு புரிந்தது.

அன்றிலிருந்து அம்மாவும் சின்னவனும் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் பேச்சு.

பெரியவள் வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருந்தாள். அப்பா காரியம் முடிந்த கையோடு அதை உதறிவிட்டு வந்துவிட்டாள். இப்போது மெத்தைக் கடை மாடியில் ஒரு வக்கீலம்மா நடத்துகிற உரிமை அமைப்பில் உட்கார்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு ஒரு வருஷம் அனுப்பி வைத்து, செலவுக்கும் ஏதோ கொடுக்கிறார்களாம். எந்தெந்த ஊரில் நெட்டை நிறுத்தினார்கள், எந்தப் பக்கத்தை மறைத்தார்கள், யாருடைய ஃபோனுக்குள் யார் புகுந்து பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதும், பத்திரிகைக்காரர்கள் வக்கீல்கள் ஃபோனை எல்லாம் பத்திரப்படுத்திக் கொடுப்பதும் வேலை. பெரியவள் அதற்கு ஃபெலோஷிப் என்று பேர் சொல்கிறாள். எங்கள் தெரு அதற்கு "வேலையை விட்டுட்டாளாம்" என்று பேர் சொல்கிறது.

அக்கா நெட்டைக் காப்பாற்றுகிறவள், தம்பி நிறுத்துகிறவன். இருவர் துணியும் ஒரே கொடியில்தான் காய்கிறது.

சண்டைக்கு முந்தின வாரம் அந்த வீட்டில் நாலாவதாக ஒரு ஆள் வந்து சேர்ந்தது. தூரத்துச் சொந்தம் என்றார்கள். தூரத்துச் சொந்தம் எங்கேயாவது வந்த நாளிலிருந்து ஜன்னல் பக்கமே வராமல் இருக்குமா? அவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவள் ஊரில் நெட்டை நிறுத்திவிட்டுத் தெருவில் நடத்திய அக்கிரமத்தை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். நெட் வந்ததும் வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து அவளைத் தேடுகிறார்கள். அவள் எல்லை தாண்டிப் போய்ச் சேரும் வரைக்கும் சர்வேயர் வீட்டுப் பின்னறை. சண்டை நடந்த அன்று சாயங்காலம்தான் மெத்தைக் கடை வேனில் அவளை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

இந்த நிலையில்தான் மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் அம்மா. "கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

கேட்டது.

"நீ சும்மா இரும்மா. இவன் என்ன செஞ்சு வச்சிருக்கான்னு தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்தது. டீச்சர் வந்து நின்றாள். பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டை. ஆனால் வந்த நாளிலிருந்து அந்தக் குரல் பாதிதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

"சொல்லக்கூடாதுன்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க. சொல்லாம இருந்தா தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு. அம்மா தினமும் அவருக்கு எழுதறாங்க."

"யாருக்கு?"

"சாருக்கு. அவரோட நம்பருக்கு. எல்லாத்தையும் எழுதறாங்க. என்னைப் பத்தியும்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள். குரல் இறங்கிவிட்டது. "எழுதிட்டுப் போகட்டும். அந்த ஃபோன் அலமாரிக்குள்ள கிடக்கு."

"அவர் படிக்கறாராம்."

 கீழே என் கையில் பிழிந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது, நான் உதறவில்லை.

அம்மா தன் ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். வயசுப் பெண் ஒருத்தி தனக்கு வந்த கடிதத்தைக் காட்டுவதுபோல் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. "ஒரு வருஷமா ரெண்டு டிக் சாம்பலாத்தான் விழும். கொஞ்ச நாளா நீலமாகுது. காலையில அனுப்பினா மத்தியானத்துக்குள்ள நீலமாயிடும். ஒரு நாள் அவர் பேருக்குக் கீழ, எழுதுகிறார்னு வந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் நின்னுடுச்சு. அவருக்கு எப்பவும் எழுத வராது, தெரியுமில்ல. ஒரு ரிப்போர்ட் எழுதவே ரெண்டு நாள் ஆகும்."

பெரியவள் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் ஃபோனை எடுத்தாள். அது உயிரோடு இருந்தது. இருக்கத்தான் செய்யும், ஞாயிறு தவறாமல் அதற்குச் சார்ஜ் போடுவது அவள்தான். ஃபோன் அணைந்து போனால் அம்மாவின் மெசேஜ் மறுபடி ஒற்றை டிக்கில் நின்றுவிடும். அந்த ஒற்றை டிக்கை அம்மா இன்னொரு தடவை பார்க்க வேண்டாம் என்று பெண்ணுக்கு ஒரு எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை.

மெத்தைக் கடை மாடியில் வாரத்தின் முதல் வேலையே, எல்லோரையும் ஃபோனை எடுக்கச் சொல்லி, "உங்க கணக்கு வேற எந்தக் கருவியில திறந்திருக்குன்னு பாருங்க" என்று ஒவ்வொருவராகப் பார்க்க வைப்பது. வக்கீலம்மாவையே விடமாட்டாளாம். அந்த ஒரு பக்கத்தை அப்பாவின் ஃபோனில் அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. உள்ளே போனால் அம்மா எழுதியதெல்லாம் கண்ணில் படும் என்று பயம்.

இப்போது திறந்தாள். ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

"இது எங்க இருக்கற கம்ப்யூட்டர்?"

சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய்."

"என்னோடதுதான்."

"உன் லேப்டாப்பா?"

"ஆபீஸ்ல. என் மேஜையில இருக்கறது."

அவன் வேலை செய்கிற அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்வேயர் பிள்ளை வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மீறாதவன். சிக்னலில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்பான். அவன் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவின் கீழ்த்தட்டைக் காலியாக வைத்து, அதில் அப்பா ஃபோனைப் போட்டு உள்ளே கொண்டுபோய், தன் கம்ப்யூட்டரில் அவர் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"எதுக்குடா?"

"அம்மா எங்கிட்ட பேச மாட்டாங்க." அம்மா பக்கத்திலேயே நிற்க, அவன் அக்காவிடம்தான் சொன்னான். "அப்பாகிட்டதான் பேசறாங்க. இன்னைக்குத் தலைவலியா, சாப்பிட்டாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது. என்னைப் பத்தி என்ன எழுதறாங்கன்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

அம்மா என்ன எழுதியிருந்தார் என்பதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. பெற்ற பிள்ளையின் விரலைப் பற்றி ஒரு தாய் எழுதக்கூடியதுதான். அதைத் தினம் படித்துவிட்டு, சாயங்காலம் வந்து அதே அம்மா வைத்த தட்டில் சாப்பிட்டிருக்கிறான்.

"அந்த ‘எழுதுகிறார்’?" அம்மாதான் கேட்டார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் பிள்ளையிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"மன்னிச்சிடும்மான்னு அடிச்சேன். அப்பா பேர்ல போய் நின்னு மன்னிப்புக் கேக்கறதான்னு அழிச்சிட்டேன்."

அம்மா உட்கார்ந்துவிட்டார். பெரியவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவள் முகம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையை வேற யார் பார்ப்பாங்க?"

"கண்காணிப்புன்னு ஒரு பிரிவு இருக்கு. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு. நாங்க கண்ணாடின்னுதான் சொல்லுவோம். யார்கிட்டயும் பேசாது. எல்லார் திரையும் அதோட திரையில ஓடும்."

"இது உனக்குத் தெரிஞ்சும் திறந்தியா?"

"வேலை நேரத்துல கிரிக்கெட் பார்க்கிறவனைப் பிடிக்கத்தான் அதுன்னு நினைச்சேன் அக்கா."

"நேத்து ராத்திரி என்னம்மா எழுதின?"

 டீச்சர்தான் சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் மெத்தைக் கடை வேன்ல போறேன்னு."

*

பெரியவள் வக்கீலம்மாவைப் பார்க்க நேரிலேயே ஓடினாள். ஃபோனில் பேசுகிற விஷயமா இது?

மெத்தைக் கடை மாடியைப் பார்த்தால் உலகத்தைக் காப்பாற்றுகிற இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். படி முழுக்கப் பஞ்சும் பிளாஸ்டிக் உறையும். மூன்று அறை, சுற்றும்போது டக் டக்கென்று ஒரு மின்விசிறி, ஃபோன்களைப் போட்டு மூடி வைக்க ஒரு பிஸ்கட் டின். வக்கீலம்மா மாத்திரையை விழுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"என் தப்பு மேடம்" என்றாள் பெரியவள். "எல்லார் வீட்டுக் கதவையும் நான் இழுத்துப் பார்த்தேன். எங்க வீட்டுக் கதவை விட்டுட்டேன்."

"அழறதுன்னா அப்புறம் அழு. இப்ப அந்தக் கணக்கை மூடினா என்ன ஆகும்?"

"நாம கண்டுபிடிச்சிட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். உடனே வீட்டுக்கு வந்துடுவாங்க."

"மூடலைன்னா?"

"சாயங்காலம் கீழ கடை வாசல்ல நிப்பாங்க."

வக்கீலம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "இவ்வளவு நாளா அதுல வந்தது எல்லாம் நிஜம். அதனாலதான் அவங்க நம்பறாங்க. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அதுல நிஜமில்லாதது ஒண்ணு வரணும். உங்க அம்மா எழுதுவாங்களா?"

பெரியவள் எழுந்தாள். பெரிய பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பை எல்லாம் உடைத்துச் சரிபார்த்தவள். அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

*

வெயில் ஏறும்போது தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர். இறங்கவும் இல்லை, ஜன்னலை இறக்கவும் இல்லை. எங்கள் தெருவில் வண்டி நிறுத்தினால் யார் வீட்டுக்கு என்று கேட்க நாலு பேர் வருவோம். அந்தக் காரிடம் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

"முடியாது."

"அம்மா, அதைப் படிக்கிறது அப்பா இல்லம்மா. இவன். இவனுக்குப் பின்னால அந்த ஆபீஸ்."

"படிச்சது இவனா இருக்கலாம். அவரும் படிச்சிருக்கலாம். இல்லைன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

"சொல்லாது."

"அவர்கிட்ட நான் பொய் சொன்னதில்லைடி. பாத்திரம் வாங்கின விலையை மட்டும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுவேன். அதுவும் அவருக்குத் தெரியும். இப்ப போய், திருப்பிக் கேக்க முடியாத இடத்துல இருக்கறவர்கிட்ட?"

சின்னவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அன்று வேலைக்கு வரத் தாமதமாகும், வயிறு சரியில்லை என்று ஆபீசுக்குச் சொல்லியிருந்தான். முகத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை.

டீச்சர் தன் பையோடு வெளியே வந்தாள். சின்னப் பை. வந்தபோது கொண்டுவந்தது அவ்வளவுதான்.

"விடுங்கக்கா. அம்மாவை வற்புறுத்தாதீங்க. படம் பத்திரமா போய்ச் சேர்ந்துடுச்சு இல்ல, அது போதும். நானே கீழ இறங்கிப் போறேன். உங்க வீட்டுக்குள்ள அவங்க வர வேண்டாம்."

அவள் சொன்ன விதத்தில் ஒரு சிங்காரமும் இல்லை. மணி அடித்தால் வகுப்புக்குப் போகிறவள்போல் செருப்பைத் தேடினாள்.

அம்மா அடுப்பை அணைத்தார்.

"உட்காரு."

"இல்லம்மா..."

"உட்காருன்னு சொன்னேன். பெரியவளே, என்ன எழுதணும், சொல்லு."

பெரியவள் வழியிலேயே யோசித்து வைத்திருந்ததைப் படித்தாள். "விருந்தினர் இன்று அதிகாலை நம் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். மதிய ரயிலில் வடக்கே செல்கிறார்."

"சர்க்குலர் மாதிரி இருக்கு. யாரோ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கறாங்கன்னு உங்க அப்பா உடனே கண்டுபிடிச்சிடுவார். குடு இங்க."

ஃபோனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒற்றை விரலால்தான் அடிப்பார். மற்ற மூவரும் சாமான் கூடையைச் சுமந்து நிற்பவர்கள்போல் நின்றார்கள். நடுவில் ஒரு தடவை, "அந்த வடக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முடித்ததும் வாய்விட்டுப் படித்தார்.

"என்னங்க, காலையிலேர்ந்து ரெண்டும் சண்டை. உங்க பையன் சாப்பிடாம நிக்கிறான். குளிக்கிற ரூம் குழாய் திரும்பவும் ஒழுகுது, நீங்க வச்ச வாஷர் தேஞ்சு போச்சு போல. அந்தப் பொண்ணு வேனுக்கெல்லாம் காத்திருக்கல, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. வடக்கே அக்கா வீட்டுக்குப் போறேன், மத்தியான ரயில்னு மட்டும் எங்கிட்ட சொல்லுச்சு. பெரியவளுக்கு அதுல கோபம். போர்வையை மடிச்சு வச்சிட்டுப் போயிருக்கு. எனக்குத்தான் அந்த ரூமுக்குள்ள போக மனசு வரல. நீங்க இருந்தா ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

பெரியவள் அம்மாவையே பார்த்தாள். இத்தனை பேருக்கு இத்தனை பாடம் நடத்தியும் இப்படி ஒன்று அவளுக்கு வந்திருக்காது.

"அனுப்பட்டுமா?"

"அனுப்பும்மா."

அனுப்பினார். ஒரு டிக். உடனே அலமாரிக்குள் திரும்ப வைத்திருந்த அப்பாவின் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்தது. இரண்டு டிக். சாம்பல்.

ஜன்னலுக்கு வெளியே கார் அப்படியே நின்றது.

அவர்கள் நாலு பேரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். சின்னவன் கை இரண்டும் அவன் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அம்மா அவன் கையைத்தான் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார்.

டிக் நீலமானது.

இத்தனை நாள் நீலத்தைக் கண்டு பூரித்த அம்மா, அன்று ஃபோனைக் கீழே போட்டுவிட்டார். பெரியவள் குனிந்து எடுக்கும்போது சர்வேயர் பேருக்குக் கீழே எழுத்து வந்தது.

எழுதுகிறார்...

"நான் இல்லை" என்றான் சின்னவன். யாரும் அவனைக் கேட்கவில்லை.

எழுதுகிறார்... நின்றது. மறுபடியும் வந்தது. மாடியில் ஒரு நாற்காலியும் நகரவில்லை. கீழே நான் தலையை உயர்த்திப் பார்த்தேன், என்ன ஆயிற்று இந்த வீட்டுக்கு என்று. சண்டை நின்றால் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும். எனக்கு உள்ளே நிற்க முடியவில்லை, வாசலுக்குப் போனேன்.

அம்மா திரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "என்னங்க?"

எழுத்து மறைந்தது. ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருமுனைக் கார் கிளம்பியது. ஸ்டேஷன் பக்கம்தான் திரும்பியது. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

*

டீச்சர் போனது எங்கள் சமையலறை வழியாக.

சர்வேயர் வீட்டம்மா படியிறங்கி வந்து, "உங்க பின்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து விடுறீங்களா, இந்தப் பொண்ணுக்கு மருந்துக்கடைக்குப் போகணும்" என்றார். மருந்துக்கடை முன்பக்கத்தில் இருக்கிறது. திறந்துவிட்டேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு என்று எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு பெண்கள், ஒரு காய்கறிப் பை, ஒரு மருந்துச் சீட்டு. நடு வெயிலில் பின்சந்து வழியாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். குழாய் வாஷரைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைக்கிறேன். பெரிய ரோட்டில் வக்கீலம்மாவின் பழைய காரில் ஏறிக்கொண்டாள் டீச்சர். அம்மா திரும்பி வரும்போது பையில் உண்மையாகவே காய்கறி இருந்தது.

படியேறப் போனவர் என் வாசலில் நின்றார். "பொய் சொல்றது இவ்வளவு சுலபமா வரும்னு நினைக்கல" என்றார். "அதுதான் பயமா இருக்கு."

மறுநாள் பெரியவள் அந்தக் கணக்கை மூடினாள். அம்மாதான் மூடச் சொன்னார். பத்திரமாக வேறொரு வழி செய்து தருகிறேன், யாரும் பார்க்க முடியாது, நீ எழுதலாம் என்று மகள் எவ்வளவோ சொன்னாள். அம்மா கேட்கவில்லை. "கடைசியா சொன்னது பொய். அதுக்கு மேல என்னத்தை எழுதறது?" என்றாராம். அதோடு அவர் சர்வேயருக்கு எழுதுவது நின்றது. பேச்சு எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும், சாயங்காலங்களில் சின்னவனிடம் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் வாஷர் வாங்கி வந்து மாட்டினான். அதில் இன்னும் அதிகமாக ஒழுகியது. இருந்தாலும் அவர்கள் அதை மாற்றவில்லை.

டீச்சர் எல்லை தாண்டிப் போய்விட்டாள். அங்கே மொழி தெரியாத குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். அவள் எடுத்த படத்தை ஒரு விசாரணையில் போட்டுக் காட்டினார்கள்.

பெரியவளின் ஒரு வருஷம் முடிந்தது. பழைய கம்பெனி கூப்பிட்டது, போகவில்லை. வேறொரு நாட்டில் இதே மாதிரி இன்னொரு அமைப்புக்குப் போய்விட்டாள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் சிக்னல் சரியில்லை என்கிறாள். அவளுக்கா சிக்னல் சரியில்லை?

சின்னவன் அந்த வேலையை விட்டான். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டான். பெண் யார் என்று கேட்டு எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. அவன் ஆபீஸில் எல்லார் திரையையும் பார்த்துக்கொண்டிருந்த பெண். கண்ணாடி. அவளும் வேலையை விட்டிருந்தாள். அவன் விட்டதற்கு முன்னாலேயே, அந்தக் கார் ஸ்டேஷனுக்குப் போய் வெறும் கையோடு திரும்பி வந்த வாரமே விட்டுவிட்டாள் என்கிறார்கள். அன்று நீல டிக் விழ வைத்தது அவளா, அந்த மெசேஜை நம்பி மேலே அனுப்பினாளா, நம்பாமலே அனுப்பினாளா, மேனேஜருக்கு முதலில் போட்டுக் கொடுத்ததும் அவள்தானா, ஒன்றும் தெரியவில்லை. மாமியார் கேட்கவில்லை. மருமகள் சொல்லவில்லை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். போவதற்கு முன் இந்த வீட்டில் இருந்த முதல் காலையில் அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெந்நீர் வைத்து, ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி, மாமியார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். குனிந்து, அந்த அம்மாவின் இடது முழங்காலில் வைத்து அழுத்தினாள்.

அந்த அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி என்று பெற்ற மகளுக்குத் தெரியாது, தன்னைப் பற்றிய வரிகளையே தேடிப் படித்த சின்னவன் அதைக் கவனித்ததில்லை. மகளிடம் சொன்னால் டாக்டரிடம் இழுப்பாள் என்று சொன்னதில்லை. நேர் கீழே குடியிருக்கிறேன், எனக்கே தெரியாது. ஒரே ஒருவருக்குத்தான் எழுதியிருந்தார்.